பாத்திரத்தில் துடிக்கும் செல்களும் 60 மின்முனைகளும்: ஊரில் கேட்ட கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. வேலை, மைக்ரோ எலக்ட்ரோடு அரே என்ற மின்முனைத் தட்டில் வளரும் உயிருள்ள செல்களின் மேல் மருந்தை விட்டு, அவற்றின் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஊருக்கு வரும்போதெல்லாம் சித்தப்பாவில் தொடங்கி, கடைத்தெரு மருந்துக்கடைக்காரர், தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பி.பார்ம், பயோடெக் படிக்கும் பிள்ளைகள் வரை யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பக்கம் "மருந்து" என்றால் மாத்திரையும் மருந்துதான், வயலுக்கு அடிப்பதும் மருந்துதான். அதனால் இரண்டைப் பற்றிய கேள்விகளும் கலந்தே வந்தன.

மைக்ரோ எலக்ட்ரோடு அரே என்கிறீர்களே, பார்க்க எப்படி இருக்கும்?

உள்ளங்கையில் அடங்கும் சதுரக் கண்ணாடித் தட்டு. பக்கத்துக்கு 49 மில்லிமீட்டர் என்பது பரவலாகப் புழங்கும் அளவு. நடுவில் ஒரு கண்ணாடி வளையம் ஒட்டியிருக்கும். செல் வளரும் கிண்ணம் அதுதான். கிண்ணத்தின் தரையில், ஒரு கடுகு உட்காரும் இடத்துக்குள், 60 மின்முனைகள். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு நான்கு மூலையையும் விட்டுவிட்டால் 60 வரும். ஒவ்வொன்றும் 30 மைக்ரோமீட்டர் விட்டம், தலைமுடியை விடச் சன்னம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மைக்ரோமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு மின்முனையிலிருந்தும் ஒரு மெல்லிய தடம் தட்டின் ஓரம் வரை ஓடும். ஓரத்தைக் கருவியில் பொருத்தினால் திரையில் 60 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரே சிப்பில் 4,096 மின்முனை, 26,400 மின்முனை என்றெல்லாம் வந்துவிட்டது. 24, 48, 96 குழிகள் உள்ள தட்டுகளும் இருக்கின்றன; மருந்துக் கம்பெனிகளுக்கு அதுதான் வசதி. ஆனால் வேலையைக் கற்றுக்கொள்ளப் பழைய 60 மின்முனைத் தட்டே நல்லது என்பது என் கட்சி. ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் பார்த்துப் பழகலாம்.

செல்லுக்குள் ஏது மின்சாரம்?

இதற்கு டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது மாதிரி எளிது வேறு யாருக்கும் இல்லை. செல்லை ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி வரப்பு, அதுதான் செல்லின் சவ்வு. வரப்பில் மதகுகள். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சோடிய மதகு திறந்தால் சோடியம் சட்டென்று உள்ளே பாயும். இதயச் செல்லில் அடுத்ததாகக் கால்சிய மதகு திறந்து கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பொட்டாசியம் வெளியேறும் மதகு திறந்து எல்லாம் பழைய நிலைக்கு வரும். முதல் இரண்டும் பாசன வாய்க்கால், மூன்றாவது வடிகால். இவை எல்லாம் மின்னேற்றம் உள்ள அயனிகள். அதனால் அவை உள்ளே வருவதும் வெளியே போவதுமே மின்சாரம். நரம்புச் செல்லும் இதயச் செல்லும் இந்த வேலையைத்தான் நாள் முழுக்கச் செய்கின்றன.

பல மருந்துகளும் விஷங்களும் இந்த மதகுகளில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. எதைப் பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்பதைத் தண்ணீர் போகும் போக்கை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

செல்லுக்குள் ஊசி குத்துவீர்களா?

இல்லை. நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டிப் பிடிக்கிற முறை வேறு, அதற்கு பேட்ச் கிளாம்ப் என்று பெயர். அது ஒரு செல்லைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்லும், ஆனால் அந்தச் செல் அதிக நேரம் தாங்காது. இங்கே செல்கள் மின்முனைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தவில் வாசித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும் அல்லவா, அந்த மாதிரி. சத்தம் குறைவாகத்தான் கேட்கும். உள்ளே 100 மில்லிவோல்ட் அளவுக்கு நடக்கும் மாற்றம், நரம்புச் செல்லில் வெளியே பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான் வரும். ஆனால் செல் கெடாது. அதே தட்டை வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒரு மருந்தைச் சோதிக்கும் நாள் எப்படிப் போகும்?

சோதனை நாளுக்கு மூன்று வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். புதுத் தட்டின் மேல் தண்ணீர் விட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருளும். செல்லும் அப்படியே ஒட்டாமல் போய்விடும். அதனால் முதலில் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கருவியில் வைத்து அந்த வழுக்கலைப் போக்கி, மேலே லாமினின் போன்ற புரதம் பூச வேண்டும். பிறகு செல்கள் கலந்த ஒரு சின்னச் சொட்டை மின்முனைகளுக்கு நேர் மேலே விட வேண்டும். கை நடுங்கிச் சொட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போச்சு, பாதி மின்முனை காலியாகக் கிடக்கும். அப்புறம் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டிக்குள். எலியின் மூளைப்புறணி (மூளையின் மேலடுக்கு) செல்களாக இருந்தால் ஒரு வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிப்பு தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெடிப்பு வெடிப்பாகத் துடிக்கும். திருவையாற்று ஆராதனையில் அதுவரை ஆளாளுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் பாடத் தொடங்குவார்களே, அதே உணர்வு. முதல் தடவை பார்க்கும் யாரும் திரையை விட்டுக் கண் எடுக்க மாட்டார்கள்.

சோதனை அன்று முதலில் மருந்து எதுவும் இல்லாமல் ஒரு பதிவு. எந்த இரண்டு தட்டும் ஒரே மாதிரித் துடிக்காது என்பதால், ஒவ்வொரு தட்டையும் அதனுடைய பழைய நிலையோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, மருந்து கரைந்திருக்கும் திரவத்தை மட்டும் அதே அளவு விட்டு ஒரு பதிவு. இதைத் தவிர்க்கிறவர்கள் பிறகு தலையில் கை வைப்பார்கள். சொட்டு விழும் அதிர்ச்சியிலேயே செல்கள் கொஞ்ச நேரம் மௌனமாகும். திரவம் குளிர்ந்திருந்தால் இதயத் துடிப்பு குறையும். இதெல்லாம் மருந்தின் வேலை அல்ல. அதன் பிறகுதான் மருந்து: மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் காத்திருந்து பதிவு செய்து, கடைசியில் கழுவிவிட்டுப் பழைய துடிப்பு திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அளவுதான் இதில் உயிர். நோயாளியின் ரத்தத்தில் அந்த மருந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணைச் சுற்றித்தான் சோதிக்க வேண்டும். அள்ளிக் கொட்டினால் பனங்கற்கண்டும் செல்லைக் கொல்லும்.

மருந்துக் கம்பெனிகள் இதயச் செல்லில் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கின்றன?

சூடு பட்டதால். டெர்ஃபெனடின் என்று ஓர் அலர்ஜி மாத்திரை இருந்தது. தும்மல், அரிப்புக்குத் தூக்கக் கலக்கம் தராத மாத்திரை என்று உலகம் முழுக்க விற்றது. சிசாப்ரைடு என்று இன்னொன்று, நெஞ்செரிச்சலுக்கு. இரண்டுமே சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுத்தன. அமெரிக்காவில் டெர்ஃபெனடின் 1998-லும் சிசாப்ரைடு 2000-லும் சந்தையை விட்டுப் போயின. இந்தியாவில் சிசாப்ரைடு தடையானது 2011-ல்தான். எங்கள் மருந்துக்கடைக்காரர் அந்தப் பட்டையைத் தன் கையாலேயே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டும் பிடித்தது ஒரே மதகை. ஹெர்க் என்று பெயர். பொட்டாசியத்தை வெளியே விடும் வடிகால் மதகு. வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று ஐப்பசி மழையில் வயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தண்ணீர் வடிய நேரமாகும். வடிவதற்குள் அடுத்த மழை. இதயச் செல்லும் அப்படித்தான். ஒரு துடிப்பிலிருந்து முழுதாக மீள்வதற்குள் ஒழுங்கில்லாத அடுத்த துடிப்பு கிளம்பிவிடும். ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்வது இதைத்தான். எங்கள் திரையிலும் அதே கதை சின்ன அளவில் தெரியும்: முதலில் ஒரு கூர்மையான குத்து, கொஞ்சம் தள்ளி ஒரு சிறு மேடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் மருந்து விட்டதும் நீண்டால் உஷார். துடிப்பு வேகம் மாறினாலே இந்த நேரமும் மாறும் என்பதால், ஈ.சி.ஜி.க்குச் செய்வது போல வேகத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஹெர்க்கை அடைக்கிற எல்லா மருந்தும் ஆபத்தா?

இல்லை. வெரபமில் என்ற மாத்திரை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கிறார்கள். அதுவும் ஹெர்க்கை அடைக்கும். ஆனால் அது கால்சிய மதகையும் சேர்த்தே அடைக்கிறது. வடிகால் அடைத்திருந்தாலும் பாசன மதகையும் இறக்கிவிட்டால் வயல் எப்படி மூழ்கும்? ஹெர்க் மதகை மட்டும் தனியாகச் சோதித்தால் வெரபமில் குற்றவாளி போலத் தெரியும். முழுச் செல்லை மின்முனைமேல் வைத்துப் பார்த்தால் அந்த நேரம் நீளவில்லை, குறைகிறது என்பது தெரியும். ஒரு மதகை மட்டும் பார்க்காமல் முழு வயலையும் பார்ப்பதால் கிடைக்கும் லாபம் இது. இதயத் துடிப்பைக் குலைக்கும் மருந்துகளைச் சரியாக அடையாளம் காண 2013-ல் சிபா (CiPA) என்ற பெயரில் ஒரு சர்வதேச முயற்சி தொடங்கியதற்கும் இந்த மாதிரிக் குழப்பமே காரணம். அதன் ஒரு பகுதியாக மனித ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச்செல்) வளர்த்த இதயச் செல்களில் 28 மருந்துகளை 10 இடங்களில் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பாத்திரத்தில் பாஸ் ஆனால் மனிதனுக்கும் பாதுகாப்புதானே?

அப்படிச் சொல்லவே முடியாது. பாத்திரத்தில் கல்லீரல் கிடையாது. டெர்ஃபெனடினையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கியதும் கல்லீரல் அதை ஏறக்குறைய முழுவதுமாக ஃபெக்சோஃபெனடின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியைக் குறைத்ததும் அதுதான். அது ஹெர்க்கைப் பெரிதாகத் தொடாது; இன்றும் கடையில் விற்கிறது. கல்லீரலின் அந்த வேலையை எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் மாதிரி இன்னொரு மருந்து தடுத்தபோதுதான் டெர்ஃபெனடின் மாறாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்துக்குப் போனது. பாத்திரம் காட்டுவது செல் வரை போய்ச் சேர்ந்த பொருள் என்ன செய்யும் என்பதை மட்டும். போய்ச் சேருமா என்பது தனிக் கணக்கு.

நரம்புச் செல்லில் என்ன பார்ப்பீர்கள்?

வலிப்பு வரவழைக்குமா, மயக்குமா, நரம்பைக் கெடுக்குமா என்பது. சோதிக்கும் தட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் சில விஷங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்நியம் இல்லை. நாகப்பட்டினம் மீனவர்கள் வலையில் வந்தால் கழித்துப் போடும் பேத்தை மீனின் விஷம் டெட்ரோடோடாக்சின். ஒரு சொட்டு போதும். சோடிய மதகு அடைத்து 60 கோடும் படுத்துவிடும். காக்கைக்கொல்லி விதை, மீனை மயக்கிப் பிடிக்க அந்தக் காலத்தில் நசுக்கிப் போட்டது, அதில் இருப்பது பிக்ரோடாக்சின். அது நேர் எதிர். நரம்புக் கூட்டத்தில் அடக்கி வைக்கும் குரல்களை அது நிறுத்திவிடும், மற்றவை எல்லாம் சேர்ந்து வெறி பிடித்தாற்போல் துடிக்கும். பாத்திரத்துக்குள் ஒரு வலிப்பு. எட்டிக்காயின் ஸ்ட்ரிக்னினும் இதே வகை அடங்காமைதான், ஆனால் அதன் வேலை தண்டுவடச் செல்களில் நன்றாகத் தெரியும்.

நாட்டு மருந்து, மூலிகையைச் சோதிக்க முடியுமா? எங்கள் தாத்தா கைகண்ட வைத்தியர்.

முடியும். ஆனால் என் கையைச் சுட்ட கதையையும் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் ஒரு மூலிகைக் கஷாயத்தை உலர்த்திப் பொடியாக்கிக் கொண்டுவந்தார். வலிப்புக்குக் கொடுப்பது. தட்டில் விட்டேன். இரண்டே நிமிடம், துடிப்பெல்லாம் அடங்கி மௌனம். கழுவினேன், திரும்பி வந்தது. மூன்று தட்டில் அதே கதை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் இருந்த மூத்த அக்கா ஒருவர்தான், "இதில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. செடி என்றாலே பொட்டாசியம். அதற்குத்தானே வயலுக்குப் பொட்டாஷ் போடுகிறோம். செல் வளரும் திரவத்தில் பொட்டாசியம் கொஞ்சம்தான் இருக்க வேண்டும், லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில். நான் விட்ட பொடியோடு அது மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வடிகாலுக்கு வெளியே ஆறு நிரம்பி நின்றால் வயல் எப்படி வடியும்? செல் மீள முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. மூலிகையே இல்லாமல் வெறும் பொட்டாசியம் குளோரைடை அதே அளவு விட்டேன். அதே மௌனம். அந்த மூலிகையில் வலிப்பை அடக்கும் சரக்கு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நான் கேட்டது மூலிகையின் குரல் அல்ல, அவ்வளவுதான். இப்போது யார் என்ன சாறு கொண்டுவந்தாலும் முதலில் உப்பு, அமிலம், செறிவு மூன்றையும் அளந்துவிட்டுத்தான் தட்டை வெளியே எடுக்கிறேன்.

வயலுக்கு அடிக்கிற மருந்து?

சித்தப்பாவின் கேள்வி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் பூச்சிமருந்துகளின் நரம்புப் பாதிப்பைக் கண்டறிய இதே முறையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை, சோடிய மதகைச் சரியாக மூடவிடாமல் கசியவிடும். அது தட்டில் தெளிவாகத் தெரியும். குளோர்பைரிபாஸில் இரண்டு சிக்கல். அது உடம்புக்குள், முக்கியமாகக் கல்லீரலில், ஆக்சான் (oxon) என்ற வேதி வடிவத்துக்கு மாறிய பிறகுதான் முழு வீரியத்தைக் காட்டும். மேலும் அது கெடுப்பது, நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை. புறணிச் செல்களின் பேச்சுவார்த்தையோ பெரும்பாலும் வேறு வேதிப்பொருட்களில் நடக்கிறது. ஆகவே தட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு முகத்தில் துணி கட்டாமல் காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், சித்தப்பா.

யாருடைய செல் அது? எலியை இன்னும் கொல்கிறீர்களா?

நரம்புச் செல்லுக்கு இன்னும் பல இடங்களில் எலிக் கருதான். அதற்கு விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். இதயச் செல்லுக்கு இப்போது மனிதச் செல்லே கிடைக்கிறது. தோல் அல்லது ரத்தச் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பும் வித்தையை ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு. அப்படித் திருப்பியதை இதயச் செல்லாக வளர்த்தால் பாத்திரத்திலேயே, வெறும் மைக்ரோஸ்கோப்பில், துடிப்பது தெரியும். குறை ஒன்று: அவை கருவிலிருக்கும் குழந்தையின் இதயச் செல் மாதிரி முதிராதவை. இந்தியாவில் 2023-ல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாத செல் சோதனைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

என் ரத்தத்தை எடுத்து எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று சொல்வீர்களா?

கொள்கை அளவில் முடியும். பரம்பரையாகக் கியூ.டி. நீளும் குடும்பங்களின் செல்லில் ஆராய்ச்சிக்காகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ரத்தத்திலிருந்து துடிக்கும் செல் வரை பல மாதம் ஆகும், செலவும் கட்டுப்படியாகாது. அதுவரை டாக்டரிடம் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை, புற்றுநோய் மருந்துக்கு?

இன்சுலின் சுரக்கும் கணையச் செல்லும் மின்துடிப்பு உள்ளது, அதையும் வைத்துப் பார்க்கிறார்கள். புற்றுநோய் மருந்துகளுக்குப் பெரும்பாலும் இதயப் பக்கவிளைவைப் பார்க்கத்தான் இது உதவும்.

கரண்ட் போனால்?

யு.பி.எஸ்., ஜெனரேட்டர், அப்புறம் குலதெய்வம். கரண்ட் இருப்பதும் தொல்லைதான்: சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 60 கோட்டிலும் ஏறிக்கொள்ளும். தட்டைச் சுற்றி உலோகக் கூண்டு போட்டும் ஒருநாள் இரைச்சல் போகவில்லை. தேடிப் பார்த்தால் பக்கத்து மேசையில் யாரோ செல்போன் சார்ஜர் மாட்டியிருந்தார்கள்.

இதை முதலில் செய்தது யார்?

1972-ல் சார்லஸ் தாமஸ் குழுவினர். இரண்டு வரிசையில் 30 மின்முனை. கோழிக்கருவின் நரம்புச் செல்லை வைத்துப் பார்த்து ஒன்றும் கேட்காமல், கோழிக்கருவின் இதயச் செல்லை வைத்தபோதுதான் மின்துடிப்பு கேட்டது. கடை முட்டையில் முயல வேண்டாம், அதில் குஞ்சு வளராது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும்?

உயிரியலோ பார்மசியோ எதுவானாலும் சரி, கூடவே கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ளுங்கள். 60 மின்முனை, ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 25,000 அளவீடு, அளவீட்டுக்கு 2 பைட்: வினாடிக்கு 3 மெகாபைட். பத்து நிமிடப் பதிவு 1.8 ஜிகாபைட். எக்செல்லில் திறக்க முடியாது. இரைச்சலின் திட்ட விலக்கத்தைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டியதை மட்டும் துடிப்பு என்று எடுக்கச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். அந்த ஐந்தை நான்காக்கினால் எத்தனை பொய்த் துடிப்பு சேர்கிறது என்று பார்த்தாலே பாதி படிப்பு முடிந்தது.

சோதனை முடிந்ததும் அந்தச் செல்களை என்ன செய்வீர்கள்?

பிளீச் ஊற்றி அழித்துவிடுவோம். தட்டை மட்டும் தூக்கிப் போட மனம் வராது, விலை அப்படி. நொதி கலந்த சோப்புநீரில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, மின்முனைமேல் விரல் படாமல் காயவைத்து எடுத்து வைப்போம். என்னிடம் 7 என்று மார்க்கரில் எழுதிய தட்டு ஒன்று இருக்கிறது. இருபது தடவைக்கு மேல் கழுவியாகிவிட்டது, மூன்று மின்முனை செத்துவிட்டது. மிச்சம் 57-ல் நேற்றுகூட ஒரு பதிவு எடுத்தேன்.